வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தலாமா?

சிவகாசியிலிருந்து ஒரு சகோதரர் சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய அத்தாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். மதுரையில் ஆப்பரேஷன் நடந்தது. அல்லாஹ்வின் கிருபையால் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு இரண்டு வாரத்திற்கு ஒரு முறையாகப் பன்னிரண்டு முறை 'கீமோதெரபி' மருந்து ஏற்ற வேண்டுமென்று டாக்டர் கூறினார். ஏழு முறை ஆயிற்று. எட்டாவது முறைக்குப் புறப்பட வேண்டிய அன்று பெரியவர், "போதும், இனி அல்லாஹ் விட்ட வழி" என்று சொல்லிப் பாயில் படுத்துக்கொண்டார். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. மகன் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். ஆரம்பித்த வைத்தியத்தைப் பாதியில் விடுவது மார்க்கத்தில் குற்றமா? அவர் வேண்டாமென்ற பிறகும் நாங்கள் வற்புறுத்தி அழைத்துப் போனால் அது எங்கள் மீது குற்றமாகுமா?

இதற்கு இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். வைத்தியம் செய்துகொள்வது பர்ளு அல்ல, விட்டவன் பாவியாக மாட்டான் என்று கித்தாபுகளில் இருக்கிறது. அப்படி எழுதியிருந்தால் தவறென்று சொல்லவும் யாருமில்லை. ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, அந்தப் 'போதும்' என்ற சொல் எதைக் குறித்துச் சொல்லப்பட்டது என்பது அதில் எங்குமே இல்லை என்று கண்டோம். அதை அறியாமல் பதில் எழுத மனம் வரவில்லை.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி மறைந்து கிடக்கும் உறுப்பு. உணவைச் செரிக்கவைக்கும் நீரும், சர்க்கரையை அடக்கும் இன்சுலினும் அங்கேதான் சுரக்கின்றன. மறைவில் இருப்பதால், அதில் வரும் புற்று வெளியே தெரிவதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. அதன் தலைப்பாகத்தில் வந்தால் பித்தக்குழாய் அடைபட்டுக் கண்ணும் தோலும் மஞ்சளாகும், உடம்பு அரிக்கும், மலம் வெளுத்துப்போகும். நம் பக்கத்தில் காமாலை என்றவுடன் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, பத்தியம் போட்டு, ஒரு மாதம் இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்பது வழக்கம். இந்தக் காமாலைக்கு அந்த இரண்டு மாதம் மிகப் பெரிய விலை. கண்டுபிடிக்கும்போது ஆப்பரேஷனுக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் ஐந்து பேரில் ஒருவர் அளவுதான். பெரியவர் அந்த ஒருவராக இருந்தார்.

அவருக்குச் செய்த ஆப்பரேஷனுக்கு 'விப்பிள்' என்று பெயர். நியூயார்க்கில் ஆலன் விப்பிள் என்ற டாக்டர் 1935ல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. கணையத்தின் தலை, சிறுகுடலின் முதற்பாகம், பித்தப்பை, பித்தக்குழாயில் ஒரு துண்டு ஆகியவற்றை எடுத்துவிட்டு, மீதியிருப்பதைக் குடலோடு இணைக்கிறார்கள். பல மணி நேர வேலை. கண்ணுக்குத் தெரிந்த புற்றை இப்படி எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் கல்லீரலிலோ வேறிடத்திலோ ஒளிந்திருக்கலாம். அவற்றை அழிப்பதற்காகத்தான் அதன் பிறகு கீமோ.

இந்த மருந்தால் எவ்வளவு பயன் என்பதையும் வாசகர்கள் அறியவேண்டும். மஸ்அலா அதன் மேல்தான் நிற்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த ஆராய்ச்சி ஒன்றின் நீண்டகால முடிவு 2013ல் வெளிவந்தது. ஆப்பரேஷனுக்குப் பின் ஆறு மாதம் 'ஜெம்சிட்டபின்' என்ற மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 20.7 பேர். மருந்தின்றிக் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 10.4 பேர். பின்பு பிரான்சிலும் கனடாவிலும் 493 பேரை வைத்து, பெரியவருக்குத் தரப்பட்டதைப் போன்ற கடுமையான மருந்துக் கூட்டைச் சோதித்தார்கள். அதில் ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 43.2 பேர் என்றும், ஜெம்சிட்டபின் மட்டும் பெற்றவர்களில் 31.4 பேர் என்றும் 2022ல் தெரிவித்தார்கள். ஆனால் அந்தக் கடும் மருந்தைக் குறித்தபடி முழுவதும் பெற்றவர்கள் மூன்றில் இரண்டு பங்கினர்தாம். அவ்வளவு கடினமான மருந்து அது. ஆகவே, பாதியில் நின்றவர் சிவகாசிப் பெரியவர் மட்டுமல்ல.

முடிப்பதற்கென்று தனிப் பயன் உண்டா? 2014ல் வந்த மற்றோர் ஆராய்ச்சியில் 985 நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். ஆறு சுற்று மருந்தையும் முடித்தவர்கள் 675 பேர். அவர்கள் முடிக்காதவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள். ஆப்பரேஷன் முடிந்து பன்னிரண்டு வாரம் வரை பொறுத்து மருந்தைத் தொடங்கினாலும் பாதகமில்லை, தொடங்கியதை முடிப்பதே முக்கியம் என்று அதை எழுதியவர்கள் முடிவு சொன்னார்கள். இங்கே நமக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. முடித்ததனால் வாழ்ந்தார்களா, வாழும் தெம்பு இருந்தவர்களே முடித்தார்களா? நோய் திரும்பியவரும் உடல் ஒடுங்கியவரும் நடுவில் நின்றிருப்பார்கள் அல்லவா? இரண்டும் கலந்தே இருக்க வேண்டும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஆக, முடித்தால் நன்மைக்கு வாய்ப்பு அதிகம் என்று திடமாகக் கூறலாம். முடித்தவர் பிழைப்பார், விட்டவர் மாய்வார் என்று ஒருவரைச் சுட்டிக் கூற யாராலும் முடியாது.

இந்த இடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தங்களுடைய இஹ்யாவில் தவக்குலைப் பற்றி எழுதும்போது செய்த பாகுபாடு நமக்குக் கைகொடுக்கிறது. தீங்கை நீக்கும் காரணங்களை அவர்கள் மூன்று வகையாக்குகிறார்கள். பசிக்கு உணவும் தாகத்திற்குத் தண்ணீரும் போல உறுதியானவை ஒரு வகை. அவற்றை விட்டு உயிரை மாய்த்துக்கொள்வது தவக்குல் ஆகாது, ஹராம் ஆகும். பயன் தரும் என்று பலமாக எண்ணப்படும் வைத்தியங்கள் இரண்டாம் வகை. அவற்றைச் செய்வது தவக்குலுக்கு முரணாகாது, விடுவதும் விலக்கப்பட்டதல்ல, சிலருக்குச் சில நிலைகளில் விடுவதே மேலாகவும் இருக்கலாம். வெறும் ஊகமானவை மூன்றாம் வகை. மௌலானாக்கள் பலரும் எடுத்துப் பார்க்கும் ஃபதாவா ஆலம்கீரியிலும் இதே பாகுபாடு காணப்படுகிறது. வைத்தியத்தை விட்டு மரித்தவன் பாவியல்ல என்றும், உணவிருந்தும் உண்ணாமல் பட்டினியால் மரித்தவன் பாவி என்றும் அதில் பிரித்திருக்கிறார்கள்.

நம் பெரியவருக்கு நடந்த ஆப்பரேஷனை முதல் வகைக்கு மிக அருகில் வைக்கலாம். அதன் பிறகு வரும் கீமோ இரண்டாம் வகை. நூற்றுக்குப் பத்து, இருபது பேருக்குப் பலன் கூடுகிற மருந்தைத் தண்ணீரோடும் ரொட்டியோடும் சமமாக வைப்பதற்கில்லை. அதைத் தாயத்தோடு சேர்த்து ஊகமென்று தள்ளுவதற்கும் இல்லை. இதை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம் என்று உறவினர் ஒருவர் பெரியவரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னது அநியாயம். வேதனை தாங்காமல் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவனை நோக்கி வந்த எச்சரிக்கையை, ஊசி ஏற்றிக்கொள்ள முடியாமல் சோர்ந்தவர் மேல் திருப்பக் கூடாது.

'ஆரம்பித்ததைப் பாதியில் விடலாமா' என்று மகன் கேட்டதற்குப் பின்னால் வேறொரு மஸ்அலா இருந்ததை நாம் உணர்ந்தோம். ஹனஃபி மத்ஹபில் நஃபிலான நோன்பையோ தொழுகையையோ தொடங்கிவிட்டால் முடிப்பது வாஜிபு. முறித்தால் களாச் செய்ய வேண்டும். ஷாஃபியீ மத்ஹபில் நஃபில் நோன்பு வைத்தவர் தமக்குத் தாமே அதிகாரி, முடிக்கலாம், விடலாம். ஹஜ்ஜைத் தொடங்கியவர் முடித்தே ஆகவேண்டும் என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை. ஹனஃபி வீட்டில் வளர்ந்த பிள்ளை அத்தாவின் பன்னிரண்டு முறை மருந்தையும் அந்தக் கண்ணோடு பார்த்திருக்கிறார். ஆனால் வணக்கத்தைத் தொடங்கியவன் தன் ரப்பிடம் ஒன்றை ஒப்படைக்கத் தொடங்கியிருக்கிறான். அதை மீட்டுக்கொள்ளாதே என்பது அங்குள்ள காரணம். மருந்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அது பலனுக்காகச் செய்யப்படுவது. ஏழாவது முறையில் அதன் பலனும் தீங்கும் எந்த நிலையில் நிற்கின்றன என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு என்ற எண்ணுக்குத் தனிப் பரக்கத்து ஏதுமில்லை.

இரண்டாவது கேள்விக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய கடைசி நோயின்போது நடந்த ஒரு சம்பவமே விளக்கம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. மயக்கமாய்க் கிடந்த நாயகத்தின் வாயோரத்தில் வீட்டிலிருந்தவர்கள் மருந்தை ஊற்றினார்கள். வேண்டாமென்று அவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தின் மீது இயற்கையாக உள்ள வெறுப்புத்தானே என்று எண்ணி ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டித்தார்கள். வீட்டிலிருந்த ஒவ்வொருவர் வாயிலும் அதே மருந்தை ஊற்றச் செய்தார்கள். அந்த நேரத்தில் அங்கில்லாத அப்பாஸ் (ரலி) அவர்கள் மட்டும் தப்பினார்கள். அந்த மருந்து அவர்களுக்கிருந்த நோய்க்குரியதே அல்ல என்று விரிவுரையாளர்கள் காரணம் கூறுவதுண்டு. இருக்கட்டும். அன்புள்ளவர்கள்தாம் ஊற்றினார்கள், அவர்களைவிட அன்புள்ள குடும்பம் உலகில் இருந்திருக்க முடியாது. நோயாளியின் 'வேண்டாம்' என்பதை வெறும் வெறுப்பென்று தள்ளியதுதான் கண்டிக்கப்பட்டது. இன்று நம் வீடுகளில் எத்தனை பேர் அத்தாவையும் அம்மாவையும் இப்படிக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிறோம்!

ஆனால் இதே சம்பவத்தைக் காட்டி, 'அவர் வேண்டாமென்றார், விட்டுவிட்டோம்' என்று கையைக் கழுவிக்கொள்ளவும் இடமில்லை. வலிப்பு நோயால் அவதிப்பட்ட கறுப்பினப் பெண்மணி ஒருவர் நாயகத்திடம் துஆச் செய்யக் கேட்டார். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம், விரும்பினால் குணத்திற்கு துஆ என்று நாயகம் இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். நோய் வரும்போது ஆடை விலகிவிடுகிறதே, அது நடக்காமல் இருக்க மட்டும் துஆக் கேட்டார். அவருடைய மனத்தை அரித்தது எது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. இரண்டு வழிகளையும் ஒழுங்காக எடுத்து வைத்த பிறகு அவர் தேர்ந்த தேர்வு அது.

பெரியவரிடம் யாரும் அப்படி எடுத்து வைக்கவில்லை. ஆகவே நாம் நேரில் போனோம். சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் மட்டுமில்லை, அச்சுத் தொழிலும் உண்டென்பது வாசகர்களுக்குத் தெரியும். அவர் காலண்டர் அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும் பகுதியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஊரெல்லாம் இந்த ஆண்டில் இருக்கும்போது அடுத்த ஆண்டின் தேதிகளை அடுக்கி வெட்டிக்கொண்டிருக்கும் வேலை. தேதித்தாளில் பிறையும் அச்சாவதால், வருகிற ரமளான் எந்தத் தேதியில் என்று தெருவில் முதலில் சொல்பவர் அவர்தானாம்.

பணம்தான் காரணமோ என்று முதலில் நினைத்தோம். இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை வழி இருந்தது. இ.எஸ்.ஐ.யில் புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்குத் தகுதியுள்ள தொழிலாளிக்கு ஊதியத்தில் 80 சதவீதம் இரண்டாண்டுகள் வரை கிடைக்கும்; அதற்கும் விண்ணப்பித்திருந்தார்கள். (வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டும் பெண்களுக்கு இந்த வசதி எங்கே இருக்கிறது என்று அங்கிருந்தபோது எண்ணிக்கொண்டோம். அது வேறு கட்டுரை.) மரண பயமும் இல்லை. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு அவராகவே கைகளை நீட்டிக் காட்டினார்.

"ஹஜ்ரத், இந்த விரல் நுனியில உணர்ச்சியே இல்லை. ஒளூச் செய்யும்போது தண்ணி பட்டுச்சா படலையான்னு தெரியலை. மூணு தடவை, நாலு தடவை கழுவுறேன். சுஜூதுல நெத்தி தரையில பதிஞ்சது தெரியுது, கால் விரல் பதிஞ்சது தெரியலை. அஞ்சு மாசத் தொழுகை என்ன ஆச்சோ? இன்னொண்ணு இருக்கு..." என்று நிறுத்தினார். கணையம் குறைந்துபோனதால் ஒவ்வொரு சாப்பாட்டோடும் செரிமான மாத்திரை ஒன்று விழுங்க வேண்டும். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். சொன்னது உண்மைதான். அன்று முதல் வீட்டாருக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். சாப்பிட்டது செரிக்காமல் வயிற்றோடு போய், உடம்பு வற்றி, மருந்தைத் தாங்கும் தெம்பும் போய்விட்டது. "இந்த உடம்போட ரப்புக்கிட்ட எப்படிப் போறது? மருந்தை விட்டுட்டா கொஞ்ச நாளாவது சுத்தமா தொழுதுட்டுப் போகலாமில்லையா?"

மகனுடைய கடிதத்தில் இது ஒரு வரிகூட இல்லை. மகனுக்கே தெரியாது.

நாம் அவரிடம் சொன்னது இதுதான். ஒளூவில் தண்ணீர் உறுப்பின் மேல் ஓடுவதுதான் ஷர்த்து. ஓடியதை உணர்வது ஷர்த்து அல்ல. கண் பார்த்துவிட்டால் போதும். இருட்டாயிருந்தால் விளக்கைப் போட்டுக்கொள்ளட்டும். உறுதியாகச் செய்ததைச் சந்தேகம் முறிக்காது. அவருக்கு ஏற்றிய மருந்துகளில் 'ஆக்ஸாலிபிளாட்டின்' என்ற ஒன்று நரம்பைத் தாக்கும். தை, மாசியில் குளிர்ந்த தண்ணீர் பட்டபோது ஊசி குத்துவதுபோல் இருந்ததும் அதனால்தான். அப்போது வெந்நீரில் ஒளூச் செய்திருக்கலாம். தண்ணீரே தீங்கென்றால் தயம்மும் இருக்கிறது. மாத்திரையைப் பொறுத்தவரை, மாற்று மருந்து கிடைக்காமல், அது தேவையென்று நம்பிக்கையான டாக்டர் கூறும்போது அனுமதியுண்டு என்று இரு மத்ஹபுகளின் உலமாக்களும் கூறியிருக்கிறார்கள். நிர்ப்பந்தத்திற்கு ஆளானவன் விருப்பத்தோடு வரம்பு மீறாதவரை அவன் மீது குற்றமில்லை என்பது குர்ஆனின் தீர்ப்பு. அந்த மாத்திரையை விழுங்கிய நாட்களில் அவர் தொழுத தொழுகைக்கு ஒரு குறையுமில்லை.

"இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் வேண்டாம்னு நான் சொன்னா?" என்று கேட்டார். சொல்லலாம், உங்கள் மீது பாவமில்லை, உங்கள் மகனும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார் என்றோம். ஆனால் அதை டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், பாயில் படுத்துக்கொண்டு சொல்லாதீர்கள் என்றும் கூறினோம். சிரித்தார். இந்த நோயில் டாக்டர்களுக்கும் 'முடி', 'நிறுத்து' என்ற இரண்டு சொற்கள் மட்டுமில்லை என்பதை நாமும் பிறகுதான் அறிந்தோம். ஒரு வாரம் இரண்டு வாரம் தள்ளிப்போடலாம், அளவைக் குறைக்கலாம், நரம்பைத் தாக்கும் மருந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடரலாம். கை மரத்துப்போனதை அவர் டாக்டரிடம் சொல்லியே இருக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால் 'அல்ஹம்து லில்லாஹ்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அல்லாஹ்வைப் புகழ்வது ஒரு பதில், டாக்டரின் கேள்விக்குப் பதில் வேறொன்று என்று அவரிடம் சற்றுக் கடுமையாகவே சொல்ல நேர்ந்தது.

மாத்திரையை மறுபடி எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து எட்டாவது முறைக்குப் போனார். அந்த ஒரு மருந்தை டாக்டர் நிறுத்திவிட்டார். இடையில் இரத்த அணுக்கள் குறைந்து ஒரு முறை தள்ளிப்போயிற்று. எஞ்சியவை ஆடிப் பெருக்கிற்குச் சில நாள் கழித்து முடிந்தன. அச்சகங்களில் புதிய ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும் சமயம் அது. விரல்களில் உணர்ச்சி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த வாரத்தில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மகன் எழுதுகிறார். நோய் திரும்பாது என்று இதில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

கார்த்திகையில் அவரிடமிருந்தே ஒரு கடிதம் வந்தது. எழுத்து கோணிக் கிடந்தது. மருந்து நடந்துகொண்டிருந்தபோது வந்த ரமளானில் அவரால் ஒரு நோன்பும் வைக்க இயலவில்லை. அதற்குக் களாவா, ஃபித்யாவா என்று கேட்டிருந்தார். இந்த மஸ்அலாவின் உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். குணமடைவார் என்ற எதிர்பார்ப்பு உள்ள நோயாளிக்குக் களா. அந்த எதிர்பார்ப்பு அற்றவருக்குத்தான் ஃபித்யா. சர்க்கரையும் சேர்ந்திருக்கும் உடம்பு என்பதால் டாக்டரைக் கேட்காமல் ஒரு நோன்பும் வைக்கவேண்டாம் என்று எழுதினோம். கணக்கில் களா என்றே எழுதிவைக்கச் சொன்னோம். மார்கழியில் பகல் குறுகியிருக்கும், டாக்டர் சம்மதித்தால் வாரத்திற்கு ஒன்றாகத் தொடங்கலாமா என்று மறு தபாலில் கேட்டிருக்கிறார்.